முள் விழுந்த இடம்

மூன்றாம் முறையாக வருகிறாள் மாரிட் ஸ்கோக்ஸ்டாட்.
எண்பத்தொன்பதாம் வருடத்து ஃபோர்டு டிரக்.
துருவுக்குப் போக மிச்சம் நீலம்.

"சீராகப் போய்க்கொண்டே இருக்கும்போது
பொங்குகிறது. தணிகிறது. மறுபடி பொங்குகிறது.
நான் காலை அசைக்கவே இல்லை."

என்னிடம் வந்தால் சாது.
பட்டறை வாசலில் அரைமணி நேரம்
ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு கிடக்கும்,
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை.

ஹேவரில் ஒருவன் ஃப்யூயல் பம்ப்பை மாற்றினான்.
இன்னொருவன் பிளக், வயர், ஃபில்டர்.
நானும் என் பங்குக்கு
வேக்குவம் குழாய் ஒவ்வொன்றின் மேலும் கிளீனர் அடித்து
எங்காவது சத்தம் மாறுகிறதா என்று காதைக் கொடுத்தேன்.
மாறவில்லை.
ஒரு குழாயை மட்டும் மாற்றி அனுப்பினேன்,
சும்மா அனுப்பக் கூச்சமாக இருந்தது.

இந்த முறை ஒரு கடித உறையோடு வந்திருக்கிறாள்.
பின்பக்கம் பென்சிலில்:
குளிரில் இல்லை. சூட்டில் இல்லை. மழைக்கும் சம்பந்தமில்லை.
மேற்கே போகும்போது உண்டு.
கிழக்கே திரும்பும்போது கிடையாது.
சுமை ஏற்றினால் எந்தப் பக்கமும் கிடையாது.

சிரிப்பு வந்தது முதலில்.
மேற்கே சூலமா என்ன, வண்டிக்கு?

பிறகு காற்று ஞாபகம் வந்தது.
மொன்டானாவின் இந்த வடக்கு ஓரத்தில்
காற்றுக்குச் சொந்த ஊர் மேற்கு.
எதிர்த்துப் போனால் மிதியை ஒரு நூல் கூட அழுத்தவேண்டும்.
அதோடு போனால் ஒரு நூல் குறைவு.
சுமை ஏறினால் மூன்று நூல்.
கோளாறு திசையில் இல்லை.
அந்த ஒரு நூலில்.

எண்கள் மின்னும் மீட்டர் ஒன்று இருக்கிறது.
அது யோசித்துத்தான் சொல்லும்,
அதற்குள் குற்றவாளி தெருமுனை தாண்டிவிடுவான்.
முள் வைத்த பழையதை எடுத்துத் தூசி தட்டினேன்.
த்ராட்டில் சென்சாரின் வயரில் ஊசி குத்தி
எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டுக்
கையால் திறந்தேன், நத்தை நகர்வதுபோல.

முள் ஏறியது.
ஏறியது.
ஒன்றரை வோல்ட் தாண்டியதும் தொப்பென்று விழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து மேலே போனது.

திரும்பச் செய்தேன். அதே இடம்.
மாரிட்டைக் கூப்பிட்டேன். அவளே திறந்தாள். விழுந்தது.

"உள்ளே ஒரு கரித்தடம் இருக்கிறது,
அதன்மேல் ஒரு விரல் உரசிக்கொண்டே போகும்.
கால் எங்கே அதிகம் நின்றதோ
அந்த இடம் தேய்ந்துவிடும்."

"என் காலா?"

வண்டி அவளிடம் வந்து ஐந்து மாதம்.
அதற்குமுன் இருபத்தாறு வருடம் அண்ணன் ஆர்விட்.
வியாழன் தவறாமல் மேற்கே போவானாம்,
வைக்கோல் விற்க.

"சுமையோடு போயிருந்தால் தேய்மானம் மேலே இருக்கும்.
இது காலி வண்டி. நாற்பது மைல் வேகம்.
அவசரமில்லாத கால்."

சொன்ன பிறகுதான்
சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.
அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"வைக்கோல் கொட்டகையிலேயே மக்கிக் கிடந்தது" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்சார் நாற்பத்தொரு டாலர்.
இரண்டு ஸ்க்ரூ, ஒன்று துருவேறி அடம்பிடித்தது.
அரைமணிக்கு மட்டும் கூலி போட்டேன்,
அன்றைக்குக் குழாய்க்கு வாங்கியதையும் கழித்தேன்.
பழைய சென்சாரைத் துடைத்து நீட்ட
சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

வீடு கிழக்கே.
ரயில்வே கேட் வரை போனவள்
இண்டிகேட்டர் போடாமல் மேற்கே திருப்பினாள்.
வியாழன்கூட இல்லை, செவ்வாய்.

காதைக் கொடுத்து நின்றேன்.
எதிர்க்காற்று. காலி வண்டி.
பொங்கவில்லை, தணியவில்லை,
தானியக் கிடங்குக்கு அந்தப் பக்கம் தேய்ந்து மறையும்வரை.

டேங்கில் கால்வாசிதான் இருந்தது.
அதைச் சொல்லியிருக்கலாம்.